பாடாத மீன்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறது என்பது ஊரறிந்த செய்தி. இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் எமர்சன் டெனன்ற், 1859ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் அந்த ஓசையைப் பற்றி எழுதிவைத்தார். நிலாக்கால இரவில் வாவியின் நடுவே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு, மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்பது இப்பகுதிக்கு வரும் விருந்தினரின் வழக்கம். பாடும் மீனைப் பற்றி எழுதியவர் பலர். நான் எழுதப் புகுவதோ பாடாத மீன் ஒன்றைப் பற்றி. அது தான் இருக்கும் இடத்தை எவருக்கும் அறிவிப்பதில்லை. அதன் இருப்பிடத்தை அறிவதற்கென்றே ஒரு கல்வி வேண்டும். அந்தக் கல்வியை நான் ஓட்டமாவடிப் பாலத்தின் கீழே கற்றேன். கற்றவற்றுள் ஒரு பாடம் சற்றுக் கசப்பானது. அதையும் மறையாது சொல்லவேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

மீனின் பெயர் கொடுவா. சிங்களச் சகோதரர் அதனை மோதா என்பர். வங்காளத்தார் பெட்கி என்பர். அவுஸ்திரேலியர் பரமுண்டி என்பர். ஆங்கில நூல்கள் அதனை ஆசியக் கடற்பாஸ் என்று குறிக்கின்றன. பேர்லினில் வாழ்ந்த புளொக் என்னும் மீனியல் அறிஞர் 1790ஆம் ஆண்டில் அதற்கு இலத்தீனிலே 'கல்காரிஃபெர்' என்று பெயர் சூட்டினார். சேவலின் காலில் உள்ளதுபோன்ற குதிமுள்ளைத் தாங்கியது என்பது அதன் பொருள். செவுள் மூடியின் ஓரத்திலே அந்த முள் மறைந்திருக்கிறது. பெயர் எத்துணைப் பொருத்தமானது என்பதற்கு என் வலக்கைப் பெருவிரலில் உள்ள தழும்பே சான்று.

வெள்ளி நிறமான நீண்ட உடல். கண்ணுக்கு மேலே குழிந்து இறங்கும் நெற்றி. கண்ணையும் கடந்து பின்னோக்கிப் பிளக்கும் பெருவாய். இரவில் விளக்கொளி பட்டால் கண்கள் தணல்போலச் சிவந்து தோன்றும். முழு வளர்ச்சி பெற்றால் ஐந்தடிக்கு மேலும் நீளும். 60 கிலோ வரை எடை காணும் என்று நூல்கள் கூறுகின்றன. நமது வாவிகளில் அகப்படுபவை பெரும்பாலும் இரண்டு, மூன்று கிலோ எடையுள்ளவை. அந்த அளவு மீனை மிளகும் புளியும் சேர்த்து ஆணமாக்கினால், அந்த வீட்டு வாசலைக் கடந்து செல்வது யாருக்கும் எளிதன்று.

அமெரிக்க நாட்டிலே பாஸ் என்று வேறொரு மீன் உண்டு. ஏரிகளில் வாழ்வது, பெருவாய் பாஸ் என்று அதனைச் சொல்வர். அதைத் தேடிப் பிடிப்பது அந்நாட்டவர்க்குப் பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து ஒரு சமயமாகவே ஆகிவிட்டது. 1932ஆம் ஆண்டில் ஜோர்ஜியா மாநிலத்து மொன்ற்கோமெரி ஏரியில் ஜோர்ஜ் பெரி என்பவர் 22 இறாத்தல் 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸ் ஒன்றைப் பிடித்தார். 77 ஆண்டுகள் அந்தச் சாதனையை எவரும் எட்டவில்லை. 2009ஆம் ஆண்டில் யப்பானின் பிவா ஏரியில் குரிட்டா என்பவர் பிடித்த மீன் அதனோடு சமன் என்று பதிவாயிற்று. இந்த மீனை எந்தப் பருவத்தில், எந்த ஆழத்தில், எந்த நிறத் தண்ணீரில் தேடுவது என்று அந்நாட்டார் எழுதிக் குவித்த நூல்கள் எண்ணில. அந்த மீனும் நமது கொடுவாவும் குலத்தால் நெருங்கியவை அல்ல, குணத்தால் நெருங்கியவை. இரண்டும் துரத்தி வேட்டையாடுவதை விரும்பாமல் மறைந்திருந்து பாய்பவை. இரண்டும் நிழலை நாடுபவை. இரண்டும், தாம் விரும்பாதபோது மூக்கின்முன் இரையை ஆட்டினாலும் அசையாதவை.

ஓட்டமாவடிப் பக்கத்துப் பாடசாலையொன்றுக்குத் தமிழாசிரியனாக வந்த காலத்தில், அந்த அமெரிக்க நூல்களில் இரண்டொன்றைப் படித்துவிட்டு, கொழும்பிலிருந்து ஒரு தூண்டிற்கோலும் செயற்கை இரைகள் நிறைந்த பெட்டியும் வாங்கிவந்தேன். எட்டு மாதங்கள் மாலைதோறும் வாவிக்கரையில் நின்றேன். கெளிறு சில கிடைத்தன. நண்டு ஒன்று கிடைத்தது. கொடுவா ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வாவியிலோ மீனில்லை என்று சொல்ல வழியில்லை. காலைதோறும் சந்தையில் என் கண்முன்னே அது விலைபோய்க்கொண்டிருந்தது.

இடத்தைச் சற்று விளக்கவேண்டும். மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 மைல் வந்தால் வாழைச்சேனை. அதனைத் தாண்டினால் வாவி. வாவியின் அக்கரை ஓட்டமாவடி. இரண்டையும் இணைப்பது பாலம். முன்னாளில் புகைவண்டியும் பிற வாகனங்களும் ஒரே இரும்புப் பாலத்தில் முறைவைத்துச் சென்றன. இன்று வாகனங்களுக்குத் தனிப்பாலம் உண்டு. மேற்கேயிருந்து மதுரு ஓயாவின் நன்னீர் இந்த வாவிக்கு வந்து சேர்கிறது; கிழக்கேயிருந்து கடலின் உவர்நீர் உள்ளே நுழைகிறது. கரையோரங்களில் கண்டற் காடு. ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே ஆண்டு முழுவதும் நடைபெறும் ஓயாத வழக்கிற்கு இந்தப் பாலமே சாட்சி. இந்த வழக்கை விளங்கிக்கொள்ளாதவனுக்குக் கொடுவா கிடைப்பதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு மாலை, பாலத்தின் கீழே என்னருகில் ஒரு முதியவர் வந்து குந்தினார். கையில் ஒரு மரக்கட்டையில் சுற்றிய தங்கூசி; இடுப்பில் ஒரு சிறிய பனையோலைக் குட்டான்; அதனுள் உயிருள்ள இறால் நாலைந்து. என் தூண்டிற்கோலையும் பெட்டியையும் சற்று நேரம் பார்த்தார்.

"சேர், மீனத் தேடி வந்திரிக்கீங்க போல."

"ஓம் காக்கா."

"அம்பிட்டதா?"

"இல்லை."

"மீனத் தேடினா அம்பிடாது சேர். முதல்ல தண்ணியத் தேடுங்க. தண்ணி எங்க போகுது, எங்க நிக்குது, எங்க திரும்புதெண்டு பாருங்க. மீன் அங்கதான் இரிக்கும்."

இதைச் சொல்லிவிட்டு, பாலத்தின் மூன்றாவது தூணின் பின்பக்கம், நீர் சுழன்று திரும்பும் இடத்தில் இறாலை விட்டார். மஃரிபு வாங்கு ஒலிப்பதற்குள் இரண்டு கொடுவாக்களுடன் எழுந்து போய்விட்டார். நான் என் பெட்டியோடு இருளில் நின்றேன்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. காரணம் மீன் அன்று, தொல்காப்பியம். நிலமும் பொழுதும் முதற்பொருள், விலங்கும் பறவையும் மரமும் பிறவும் கருப்பொருள், மக்களின் ஒழுக்கம் உரிப்பொருள் என்று ஆண்டுதோறும் மாணவர்க்கு நான் கற்பித்துவருகிறேன். முதலை அறிந்த பின்னரே கருவை அறியவேண்டும் என்ற அந்த ஒழுங்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். ஆயினும் வாவிக்கரைக்கு வந்ததும், நிலத்தையும் பொழுதையும் விட்டுவிட்டுக் கருப்பொருளின் பின்னால் ஓடியிருக்கிறேன்! எழுத்தறிவு அதிகம் இல்லாத அந்த முதியவர், தொல்காப்பியர் வைத்த வரிசையிலேயே வாவியைப் படித்துவந்திருக்கிறார். மறுநாளே அவரிடம் மாணவனாகச் சேர்ந்தேன்.

முதலில் நிலம். கொடுவா உழைப்பை வீணாக்காத மீன். ஓடும் நீரின் நடுவே நின்று ஓயாது நீந்துவதில்லை. ஓட்டத்தின் அருகே, ஓட்டம் தன்னைத் தாக்காத ஒதுக்கிடத்தில், தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துக் கிடக்கும். ஓட்டம் சுமந்துவரும் இறாலும் சிறுமீனும் தானே வந்து வாயருகே சேரும். ஆகவே தேடவேண்டிய இடங்கள் சிலவே. பாலத் தூணின் பின்புறச் சுழி ஒன்று. நீரில் சாய்ந்து கிடக்கும் மரத்தின் அடி மற்றொன்று. கண்டல் வேர்கள் நீருக்குள் இறங்கி நிழல் செய்யும் கரையோரம். சிற்றோடை வந்து வாவியில் கலக்கும் வாய். ஆழமற்ற மணல்திட்டு திடீரென்று ஆழத்துள் இறங்கும் விளிம்பு. பரந்த வாவியின் பெரும்பகுதி கொடுவாவைப் பொறுத்தவரை பாலை நிலமே. எட்டு மாதங்கள் நான் அந்தப் பாலையிலேதான் இரை வீசிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பொழுது. இதுவே கடினமான பாடம். நிலம் மாறாது நிற்கிறது. பொழுது அதனை நாழிகைதோறும் மாற்றிக்கொண்டிருக்கிறது.

நாளின் பொழுதை முதலில் எடுத்துக்கொள்வோம். உச்சிவேளையில் கொடுவா நிழலின் உள்ளே புகுந்துவிடும். ஒளி மங்கும் அந்தி நேரத்திலும், விடியுமுன் உள்ள கருக்கலிலும் நிழலின் விளிம்புக்கு வரும். மங்கிய ஒளியில் அதன் கண் நன்கு காணும். இரையின் கண் அவ்வளவு நன்றாகக் காணாது. இந்தச் சிறு வேறுபாட்டின்மீதே அதன் வேட்டை முழுவதும் நடக்கிறது. பாலத்தில் விளக்கெரியும் இரவுகளில், ஒளிக்கும் இருளுக்கும் இடையே நீரின்மேல் ஒரு கோடு விழும். சிறுமீன்கள் ஒளிக்குள் கூடும். கொடுவா இருளுக்குள், அந்தக் கோட்டை ஒட்டி நிற்கும். புதியவர்கள் ஒளியில் இரையை வீசுவர். காக்கா இருளில் வீசி ஒளியை நோக்கி மெல்ல இழுப்பார்.

பிறகு பெருக்கும் வற்றும். இலங்கைக் கரையில் கடலேற்றம் சிறிது. அதன் உயர்ச்சி பெரும்பாலும் இரண்டு அடிக்கு உட்பட்டதே. ஆனால் ஆழமற்ற வாவிக்கு அதுவே போதும். பெருக்கின்போது நீர் கண்டல் வேர்களுக்கிடையே ஏறும். அதனோடு இறாலும் மணலைக் குஞ்சுகளும் உள்ளே செல்லும். வற்றுத் தொடங்கியதும் அவை அனைத்தும் ஓடையின் குறுகிய வாய்வழியே திரும்பி வந்தாக வேண்டும். அந்த வாயிலே கொடுவா காத்திருக்கும். பூரணையையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றம் மிகுதி, ஆகவே ஓட்டமும் மிகுதி, வேட்டையும் மிகுதி. இரண்டுக்கும் நடுவே, நீர் அசைவற்றுக் கிடக்கும் நாட்களில் காக்கா வலை பொத்திக்கொண்டு வீட்டிலிருப்பார். "தண்ணி நித்திரை கொள்ளுது, மீனும் நித்திரை கொள்ளும்" என்பார்.

காற்று மற்றோர் ஆசான். வைகாசி முதல் ஆவணி வரை எங்கள் பகுதியில் கச்சான் வீசும். மேற்கேயிருந்து வரும் அந்த வெங்காற்று உடலை உலர்த்திவிடும். காற்றில்லாத அமைதியான கரையில் நின்று தூண்டில் போடுவதே இன்பம் என்று நான் எண்ணியிருந்தேன். காக்கா என்னைக் காற்று மோதும் கரைக்கு அழைத்துச்சென்றார். மேல்நீரைக் காற்று அக்கரைக்குத் தள்ளுகிறது. நீரோடு கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும், அவற்றைத் தின்னும் சிறுமீன்களும் அங்கே ஒதுங்குகின்றன. அலை மண்ணைக் கிளறி நீரைக் கலங்கச் செய்கிறது. அந்தக் கலங்கல் கொடுவாவுக்கு மறைப்பாகிறது. மேலும், கோடையில் சூடேறித் தேங்கிய நீரில் உயிர்க்காற்றுக் குறைவு. அலையடிக்கும் இடத்தில் சற்று அதிகம். ஆகவே கச்சான் வீசும் நாளில் கீழ்க்கரை; வாடை வீசும் நாளில் மேல்கரை. முகத்தில் காற்று அறையும்படி நிற்பவனுக்கே மீன் என்பது அவரது கணக்கு.

எல்லாவற்றிலும் பெரிய பொழுது மாரி. அமெரிக்க நூல்கள் எனக்கு உதவாமற்போன காரணம் இங்கேதான் விளங்கிற்று. குளிர்நாட்டு ஏரியில் வெப்பமானியே நாட்காட்டி. அங்கே பனி உருகி, நீர் ஏறத்தாழ 16 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும்போது பாஸ் முட்டையிடக் கரைக்கு வரும். வேனிலில் ஆழம் நாடும். குளிரில் சோம்பிக் கிடக்கும். அந்த நூல்களின் ஒவ்வோர் அத்தியாயமும் வெப்பநிலையைக் கொண்டே தொடங்கும். ஓட்டமாவடியிலோ நீர் ஆண்டு முழுவதும் கதகதப்பாகவே உள்ளது. இங்கே பருவத்தைக் காட்டுவது வெப்பமன்று, உப்பு.

புரட்டாதி இறுதிவரை வாவி உவர்த்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை தொடங்கியதும் காட்டுநீரும் வயல்நீரும் ஆற்றுநீரும் செந்நிறமாக இறங்கிவரும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதனால் அது நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆகவே இரண்டும் உடனே கலப்பதில்லை. செந்நீர் மேலே பரவும். உவர்நீர் ஆப்புப்போல அடியில் கிடக்கும். இதை நான் சோதித்தும் பார்த்தேன். தக்கை அடைத்த போத்தல் ஒன்றிற்குக் கல் கட்டி, ஏறத்தாழ பத்தடி ஆழத்துக்கு இறக்கி, தக்கையில் கட்டிய மற்றொரு நூலைச் சுண்டித் திறந்து நீர் எடுத்தேன். மேல்நீரை நாவில் வைத்தால் மழைநீர்போலச் சப்பென்றிருந்தது, அடிநீர் கரித்தது. காக்கா சிரித்தார். மழை பெய்த மறுநாள் ஈயக்குண்டைக் கூட்டிக் கட்டி இரையை அடிவரை விடுவது ஏன் என்று நான் முன்பு கேட்டதற்கு, அன்றுதான் விடை கிடைத்தது எனக்கு. அவருக்கு அது போத்தல் இல்லாமலே தெரிந்திருந்தது.

வெள்ளம் வலுக்கும்போது செந்நீருக்கும் பச்சைநீருக்கும் இடையே வாவியின் குறுக்கே தெளிவானதொரு கோடு தோன்றும். சருகும் நுரையும் அக்கோட்டின் வழியே மிதக்கும். நன்னீர் அடித்துவந்த உயிர்கள் உப்பில் மயங்குவதும், உப்பு நீரில் வாழ்ந்தவை நன்னீரில் தத்தளிப்பதும் அந்த எல்லையில்தான். கொடுவாவோ இரு நீரிலும் வாழவல்லது. இரண்டு நாட்டுக் குடியுரிமையும் பெற்ற வணிகனைப்போல அது எல்லையில் நின்று இருபுறமும் வரி வாங்கும்.

இனி, கண்ட மீனைப் பிடிக்கும் வகை. காக்காவின் கருவிகள் எளியவை. உயிருள்ள இறாலின் தலையில் தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல், வாலோரத்தில் தூண்டிலை ஏற்றவேண்டும். புள்ளியைத் துளைத்தால் இறால் சாகும். செயற்கை இரையானால் இழுப்பதைவிட நிறுத்துவதே வித்தை. இரண்டு சுண்டு சுண்டி, ஓய்ந்து, மூழ்கவிட வேண்டும். கொடுவா கடிப்பதில்லை, வாயைத் திடீரென்று அகலத் திறந்து நீரோடு இரையை உறிஞ்சும். அப்போது வெற்றுக் குடத்தை நீரில் கவிழ்த்தது போன்றதோர் ஒலி எழும். தூண்டில் தைத்ததும் அது நீரைவிட்டு எழுந்து, காற்றிலே தலையை உதறும். அந்தக் கணத்தில் நூலைத் தளரவிட்டாலும் மீன் போகும். வெட்டி இழுத்தாலும் போகும். கோலைத் தாழ்த்தி, நூலின் இறுக்கத்தை மட்டும் காத்துநிற்க வேண்டும். அதன் பல் மென்மையானது. நூலை அறுப்பது பல்லன்று, கத்திபோன்ற செவுள் மூடியே. அதற்காகத் தூண்டிலுக்கு மேலே ஒன்றரை முழம் தடித்த தங்கூசி கட்டவேண்டும். கரைக்கு வந்த மீனைக் கீழ்த்தாடையில் பிடிக்க வேண்டும். செவுளில் கைவைக்கக் கூடாது. என் பெருவிரல் இதை ஒரு முறை மறந்தது.

இவ்வளவும் கற்றபின் எனக்குக் கொடுவா கிடைக்கத் தொடங்கியது. கிடைக்கத் தொடங்கியதும் பெரிது வேண்டும் என்ற ஆசை பிறந்தது. இரண்டு கிலோ கிடைத்தவனுக்கு ஐந்து கிலோவும், ஐந்து கிலோ கிடைத்தவனுக்குப் பத்து கிலோவும் கனவில் வரும். தூண்டிற்காரரின் நோய் இது.

ஒரு கார்த்திகை மாதம், முதல் வெள்ளம் இறங்கிய வாரம், பூரணைக்கு மறுநாள். காக்கா அந்த வாரம் தூண்டிலைத் தொடவில்லை. காரணம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கற்ற கல்வியை என் கையாலே சோதித்துப் பார்க்க இது தக்க சமயம் என்று நினைத்து, ஒரு தோணியில் கடல்வாயை நோக்கிச் சென்றேன். செந்நீரும் பச்சைநீரும் சந்திக்கும் கோட்டைக் கண்டேன். வற்று திரும்பிப் பெருக்குத் தொடங்கும் நேரம் வரை காத்திருந்தேன். அடிவரை இரையை இறக்கினேன். நான் கற்ற ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. பெரிய மீன் ஒன்று தைத்தது. முக்கால் மணி நேரப் போராட்டத்தின்பின் அதைத் தோணிக்குள் ஏற்றினேன். மூன்றரை அடி நீளம். 14 கிலோ எடை. ஓட்டமாவடித் துறையில் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு ஆரவாரித்தனர். நான் நேரே காக்காவின் வீட்டுக்கு அதைத் தூக்கிச்சென்றேன். ஆசிரியரிடம் விடைத்தாளைக் காட்டும் மாணவனின் நிலையிலே இருந்தேன்.

காக்கா மீனைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார், ஒன்றும் சொல்லவில்லை. கத்தியை எடுத்துவரச் சொல்லி, தாமே மீனைக் கீறினார். உள்ளே இரண்டு பக்கமும் மஞ்சள் நிறமான சினை திரண்டிருந்தது.

"சேர், நான் சூறாவளிக்கு முந்தியே இந்த ஆத்துல மீன் புடிக்கிறவன். சின்னக் கொடுவாக்குள்ள ஒருநாளும் சினை கண்டதில்ல. அதுகள்ள பால்தான் இரிக்கும். சினை இரிக்கிறதெல்லாம் இந்தப் பருமன்தான். ஏனெண்டு எனக்குத் தெரியா. ஆனா மாரித் தண்ணியில இது கடல்வாய்க்கு என்னத்துக்குப் போகுதெண்டு தெரியும்."

கோபம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சூறாவளியை எல்லைக்கல்லாக வைத்துக் காலத்தை அளக்கும் எங்கள் மாவட்டத்து முதியவர்களில் அவரும் ஒருவர். அவ்வளவு காலம் மீன்களைக் கீறிப் பார்த்துக் கண்ட உண்மையை என் முன்னே வைத்தார். பிறகு மனைவியை அழைத்து, மீனைப் பங்குபோட்டு அயல்வீடுகளுக்கு அனுப்பச் சொன்னார். அவர் வீட்டில் அன்று மீன் சமைக்கவில்லை.

'ஏனெண்டு தெரியா' என்று அவர் சொன்னதற்கு விடையை நான் பின்னர் நூல்களில் தேடிக் கண்டேன். கொடுவா பிறக்கும்போது பெரும்பாலும் பெண்ணன்று. முதலில் ஆணாகவே முதிர்கிறது. சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து, ஏறத்தாழ 80 சென்ரிமீற்றரைக் கடந்து பருத்த பின்னரே பெண்ணாக மாறுகிறது. இளமையில் தந்தை, முதுமையில் தாய். ஆகவே வாவியில் உள்ள பெரிய கொடுவாக்கள் ஏறக்குறைய அனைத்தும் தாய்மார். நன்னீரில் அதன் முட்டை பொரிக்காது; உப்பு வேண்டும். அதனால் தாய்மீன் மழைக்காலத்தை ஒட்டி, பூரணை அமாவாசை நாட்களில், கடல்வாயருகே வந்து முட்டையிடுகிறது. ஒரு பெரிய தாயின் முட்டைகள் பல பத்து இலட்சம். ஒரு நாளுக்குள் அவை பொரிக்கும். பெருக்கு நீர் குஞ்சுகளை வாவிக்குள் சுமந்துவரும். கண்டல் வேர்களிலும் வெள்ளம் நின்ற சதுப்பிலும் அவை வளரும். நான் கண்டுபிடித்த கோடு, நான் காத்திருந்த பெருக்கு, நான் தெரிந்தெடுத்த பூரணை எல்லாம் மீனைப் பிடிக்கும் அடையாளங்கள் என்று எண்ணியிருந்தேன். அவை ஒரு மகப்பேற்று அறையின் அடையாளங்கள்.

உலகின் பிற இடங்களில் இதைச் சட்டமாகவே எழுதிவைத்துள்ளனர். அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பரமுண்டியைத் திருப்பி விடவேண்டும். 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதையும் திருப்பி விடவேண்டும். சிறியது வளரட்டும் என்பது எங்கும் உள்ள விதி; பெரியதும் வாழட்டும் என்பது இந்த மீனின் இயல்பை அறிந்தவர் வகுத்த விதி. அம்மாநிலத்தின் கிழக்குக் கரையில் நவம்பர் முதலாந் திகதி முதல் பெப்ரவரி முதலாந் திகதி வரை அதனைப் பிடிக்கவும் தடை. எங்கள் மாரியும் அதே மாதங்கள் என்பதை எண்ணிப் பார்த்தேன். என் மீன் நீளத்தால் அந்தச் சட்டத்திற்குத் தப்பியிருக்கும்; காலத்தால் தப்பியிராது. அமெரிக்க பாசின் கதையும் இத்தகையதே. அங்கே கூட்டைக் காப்பது ஆண்மீன். காவல் நிற்கும் அதனைத் தூண்டிலில் தூக்கிவிட்டால் சிறுமீன்கள் நுழைந்து முட்டைகளைத் தின்றுவிடும். அதனால் வட அமெரிக்காவின் பல பகுதிகளில் அக்காலத்தில் தூண்டிலுக்கு விடுமுறை.

ஒரு மனிதன் ஒரு மாரியில் ஒரு மீனைப் பிடித்ததனால் வாவி வற்றிவிடுமா என்று வாசகர் கேட்கலாம். வற்றாது. ஆனால் நான் ஒருவன் அல்லேன். ஓடைவாயை முழுவதும் மறித்து வலை கட்டுவோர் உண்டு. கண்டலை வெட்டிக் கரையை வெறுமையாக்குவோர் உண்டு. பெரிய மீனுடன் நின்று படம்பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுவோர், என்னைப்போல, பெருகிவருகின்றனர். முன்னே அறியாமை மீனைக் காத்தது. எங்கே, எப்பொழுது என்று அறியாதவனின் தூண்டில் வெறுங்கையோடு திரும்பிற்று. அறிவு பரவும்போது அந்தக் காவல் நீங்குகிறது. அந்த இடத்தில் வேறொரு காவல் வரவேண்டும். எந்நேரத்தில் மீன் எங்கே நிற்கும் என்று அறிந்தவன், எந்நேரத்தில் தூண்டிலைத் தொடக்கூடாது என்பதையும் அறிந்திருந்தால் அன்றோ அது முழு அறிவாகும்? காக்கா முதல் இரண்டு பொருளை எனக்குச் சொல்லித் தந்தார். மூன்றாவதைச் சொல்லாமலே செய்து காட்டினார். முதல் வெள்ளத்தில் அவருடைய தங்கூசி கூரையின் கீழே சுற்றித் தொங்கியதை நான் பார்த்தேன், படிக்கவில்லை. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று எத்தனையோ தடவை கற்பித்தவனுக்கு, அந்தச் சினையைக் கண்ட பின்னரே இரங்கத் தெரிந்தது.

இப்பொழுதும் நான் தூண்டில் போடுகிறேன். மாசி, பங்குனியில், வெள்ளம் வடிந்து வாவி மீண்டும் உவர்க்கத் தொடங்கும்போது போடுகிறேன். கச்சானில் கீழ்க்கரையில் நின்று போடுகிறேன். இரண்டு, மூன்று கிலோ மீன் ஒன்று வீட்டுக்குப் போதும். மூன்றடியை நெருங்கும் மீன் தைத்தால், தோணியில் ஏற்றாமல் நீரிலேயே வைத்துத் தூண்டிலைக் கழற்றுகிறேன். தாடையைப் பிடித்துச் சற்று நேரம் நீரோட்டத்துக்கு எதிராக வைத்திருந்தால் அதற்கு மூச்சுத் திரும்பும். வாலை ஒருமுறை அடித்து, முகத்தில் நீர் தெறிக்க, அது போய்விடும். ஐப்பசி பிறந்தால் என் கோலும் கூரையின் கீழ் ஏறிவிடும்.

மேல்வகுப்பு மாணவர்க்குத் திணை கற்பிக்கும் நாளில் சில சமயம் அவர்களைப் பாலத்தருகே அழைத்துவருகிறேன். கொடுவா எங்கே இருக்கும் என்று பையன்கள் ஆவலோடு கேட்பார்கள். நான் உடனே விடை சொல்வதில்லை. ஒரு காய்ந்த இலையைக் கையில் கொடுத்து, நீரில் போட்டு, அது எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எங்கே திரும்புகிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்கிறேன். சென்ற முறை இலை மூன்றாவது தூணின் பின்னால் போய்ச் சுழன்று நின்றது. ஒருவன் கையை நீட்டி, "சேர், அங்க!" என்று கத்தினான். சரிதான் என்றேன். பின்னர், இது எந்த மாதம் என்று கேட்டேன்.